திடலுக்கு வேலி: வாசல் எந்தப் பக்கம்?

பிள்ளைகள் விளையாடும் திடலைச் சுற்றி வேலி போட வேண்டும் என்று ஒருவர் கிராம சபையில் எழுந்து சொன்னால், அதை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. மாடு வருகிறது, லாரி வருகிறது, இரவில் குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள், பந்து சாலைக்கு ஓடுகிறது, பந்துக்குப் பின்னால் பிள்ளை ஓடுகிறது. எல்லாமே உண்மை. எம். புதுப்பட்டி வட்டாரத்தில் விடிந்தால் பட்டாசு ஆலை வேன்கள் பறக்கும் சாலைகளை ஒட்டி எத்தனையோ பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், பள்ளி விட்ட பிறகு பிள்ளைக்குக் காவல் அந்தத் திடல்தான். வேலி கேட்கும் தாயைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் இந்தப் பகுதியின் நோக்கில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலி போட்டால் அதில் ஒரு வாசல் வரும். வாசல் வந்தால் கதவு வரும், கதவு வந்தால் பூட்டு வரும், பூட்டுக்குச் சாவி வரும். சாவி எந்தத் தெருவில் யார் வீட்டு ஆணியில் தொங்கும் என்பதைத் தீர்மானிக்காமல் கம்பியும் கல்தூணும் வாங்கக் கூடாது. ஊரும் தலித் குடியிருப்பும் இரண்டாகப் பிரிந்து கிடக்கும் கிராமங்களில், இந்தச் சாவியின் கேள்வி வேலியின் கேள்வியைவிடப் பெரியது.

வேலி என்றால் என்ன என்று இந்த மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் எங்கே திரும்பினாலும் கம்பி வேலிதான். உள்ளே சிறு சிறு அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. ஒரு அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று சட்டம் அளந்து வைத்திருக்கிறது. அனுமதி இல்லாதவர் உள்ளே போகக் கூடாது. அந்த வேலிக்கு ஒரு நியாயம் உண்டு. அது ஆபத்தைச் சுற்றிப் போடப்பட்ட வேலி. அந்த அளவுகளை மீறியபோது என்ன நடந்தது என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் மூட்டை மூட்டையாக உயிர்கள் போயின. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் எல்லாம் மாலையில் வீடு திரும்பி, திடலில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட வேண்டியவர்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றி வேலி போடுவது ஒன்று. பிள்ளைகளைச் சுற்றி வேலி போடுவது வேறொன்று. ஒரு ஊராட்சி திடலுக்கு வேலி போடுவது பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, ஆபத்து எது என்பதுதான். திடலுக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணறு இருக்கிறதா? அப்படியானால் கிணற்றைச் சுற்றிப் போடுங்கள். மின்மாற்றி இருக்கிறதா? அதற்குப் போடுங்கள். மண் அள்ளிய பள்ளத்தில் மழைக்குத் தண்ணீர் நிற்கிறதா? பள்ளத்தை மூடுங்கள். சாலை என்றால், சாலையை ஒட்டிய ஒரு பக்கத்துக்கு இடுப்பளவு உயரத்தில் ஒரு தடுப்பும், சாலையில் ஒரு வேகத்தடையும் போதும். நான்கு பக்கமும் அடைக்க வேண்டிய திடல் மிகக் குறைவு. ஆனால் நான்கு பக்கமும் அடைக்கத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். அளந்து பார்த்து பில் போடச் சுலபமான வேலை வேலி. திடலை மட்டம் செய்து புல் வளர்த்தால் அதற்கு யார் பில் போடுவது?

சரி, நான்கு பக்கமும் அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு நடப்பது பல ஊர்களில் ஒரே மாதிரிதான். 'இன்னாருக்கு அனுமதி இல்லை' என்று எந்தப் பலகையும் இருக்காது. காலையில் கதவு பூட்டியிருக்கும். சாவி கேட்டால், அவர் வெளியூர் போயிருக்கிறார் என்பார்கள். மாலையில் திறந்திருக்கும், உள்ளே ஊர்ப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். 'ஆட்டம் முடியட்டும்' என்பார்கள். ஆட்டம் இருட்டும் வரை முடியாது. ஞாயிற்றுக்கிழமை போட்டி என்பார்கள். போட்டிக்கு நுழைவுக் கட்டணம் வைப்பார்கள். அணியின் பெயரிலேயே சாதி ஒட்டிக்கொண்டிருக்கும். திருவிழா வந்தால் திடலில் பந்தல் போடுவார்கள். பந்தல் பிரித்த பிறகும் கதவு பூட்டியே இருக்கும். இதில் எந்தக் கட்டத்திலும் யாரும் யாரையும் 'வராதே' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் தலித் பிள்ளைகள் தாங்களாகவே கண்மாய்க்குள் ஸ்டம்பு நட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். 'அவர்களுக்கு அங்கேதான் வசதி' என்று ஊரில் சொல்வார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி.

பூட்டு வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றே: 'வெளியாட்கள் வரக் கூடாது.' வெளியாள் என்றால் யார்? பக்கத்து ஊர்க்காரரா, குடிகாரரா, இல்லை அடுத்த தெருப் பிள்ளையா? இதைத் தெளிவாகச் சொல்லும்படி கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்டாலே பாதி வேலி காணாமல் போகும்.

இது வீண் சந்தேகம் என்று நினைப்பவர்கள் அண்டை மாவட்டத்தைப் பார்க்கலாம். மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் உள்ள உத்தப்புரம் நமக்குத் தூரத்து ஊர் இல்லை. 1989-இல் நடந்த மோதலுக்குப் பிறகு அங்கே ஊருக்கும் தலித் குடியிருப்புக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பியது. நீளம் சுமார் 600 மீட்டர். சுவரைக் கட்டியவர்கள் சொன்ன காரணம், பாதுகாப்பு. இரு தரப்புப் பெரியவர்களும் அப்போது ஒப்புக்கொண்டதுதான் என்றும் சொன்னார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தச் சுவர் நின்றது. அந்தச் சுவரோடு பிறந்து, அதை இயற்கையான மேடு பள்ளம் போல நினைத்து வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். 2008-இல் சுவரின் மேல் மின்சாரக் கம்பி போடப்பட்ட செய்தி வெளிவந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் போராடின. 2008 மே 6-ஆம் தேதி மாவட்ட நிர்வாகம் சுவரின் ஒரு சிறு பகுதியை இடித்துப் பாதை விட்டது. இடித்தது சில மீட்டர்தான். அதற்கே ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வெளியேறி மலையடிவாரத்தில் போய்த் தங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தலித் உயிர் போனது. 2011 அக்டோபரில்தான் இரு தரப்பும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அடுத்த மாதம் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள்.

உத்தப்புரத்தில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சுவர் கட்ட ஆன நாட்கள் சில. அதில் ஒரு வாசல் திறக்க ஆனது இருபது ஆண்டு. கட்டும்போது 'தற்காலிகம்', 'பாதுகாப்பு', 'எல்லோரும் ஒப்புக்கொண்டது' என்று என்ன பெயர் வைத்தாலும், நின்ற பிறகு அது சொத்தாகிவிடுகிறது. அதைத் தொட்டால் மானப் பிரச்சினையாகிவிடுகிறது.

2025-இல் கரூர் மாவட்டம் முத்துலாடம்பட்டியில் அரசு நிலத்தில் சுமார் 200 அடி நீளத்துக்கு ஒரு சுவர் எழும்பியது. அது தீண்டாமைச் சுவர் என்று அருந்ததியர் மக்கள் புகார் செய்தார்கள். கட்டியவர்கள் சொன்னது அந்தப் பழைய காரணத்தைத்தான். கடைசியில் சுவர் இடிக்கப்பட்டது. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் தனியார் வீட்டுச் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து பக்கத்திலிருந்த தலித் வீடுகளின் மேல் விழுந்ததில் 17 பேர் உறக்கத்திலேயே செத்தார்கள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத வேண்டியதில்லை; தெரியாதவர் இல்லை.

இன்னொரு சுவரையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே பேரையூர் வட்டத்தில் சந்தையூர் என்ற கிராமத்தில், கோயிலைச் சுற்றி எழுப்பிய சுவரால் 2018-இல் அருந்ததியர் குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேறி மாதக்கணக்கில் வெட்டவெளியில் தங்கின. அங்கே சுவரின் இரு பக்கமும் இருந்தவர்கள் பட்டியல் சாதியினர்தான். நீதிமன்றம் வரை போன பிறகு அந்த ஆண்டு ஏப்ரலில் சுவர் அகற்றப்பட்டது. நம் குடியிருப்பின் திடலுக்கு நாம் வேலி போடும்போது நமக்கும் கீழே தள்ளப்பட்ட தெருப் பிள்ளைகளுக்கு அதில் வாசல் இருக்கிறதா என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைத் தலித் பகுதி பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

வேலியே இல்லாத திடலிலும் பிள்ளைகளை விலக்க முடியும் என்பதற்கு குஜராத் சாட்சி. 2023 ஜூன் மாதம் பாடன் மாவட்டம் காகோஷி கிராமத்துப் பள்ளித் திடலில் கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு தலித் சிறுவன் தன் பக்கம் வந்த பந்தை எடுத்தான். பந்தைத் தொட்டதற்காகச் சாதியைச் சொல்லித் திட்டி மிரட்டினார்கள். தட்டிக்கேட்ட குடும்பத்தைத் தேடிப் போய்த் தாக்கினார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவரின் கட்டைவிரல் துண்டிக்கப்பட்டது. பந்து எடுத்துப் போட்டவனுக்கு 'தேங்க்ஸ்' சொல்வதுதான் எந்தத் தெருவிலும் வழக்கம். 'லப்பர் பந்து', 'புளூ ஸ்டார்' போன்ற படங்கள் 2024-இல் நம் ஊர்களில் அவ்வளவு பேசப்பட்டதற்குக் காரணம், கிரிக்கெட் திடலில் சாதி எப்படி ஆடுகிறது என்பதைப் பார்வையாளர்கள் முன்பே அறிந்திருந்ததுதான்.

பொது இடம் யாருடையது என்ற வழக்கு இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்டோர் நடக்கவும் புழங்கவும் தடையில்லை என்று அரசு ஒப்புக்கொண்டது. தீர்மானம் நிறைவேறி நூறு ஆண்டு ஆகிவிட்டது. மராட்டியத்தின் மகாத் நகராட்சி 1924-இல் சவதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகக் காகிதத்தில் எழுதியது. அந்தத் தண்ணீரைத் தொட 1927 மார்ச் 20-ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போக வேண்டியிருந்தது. போன பிறகு அடி விழுந்தது. சில மாதங்களில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. காகிதத்தில் பொது, கதவில் பூட்டு என்பது அன்றே தொடங்கிய கதை.

சிவகாசி வட்டாரத்துக்கு இதில் தனி நினைவு ஒன்றும் உண்டு. 1899-இல் நடந்த சிவகாசிக் கொள்ளையின் மூலம், நாடார்கள் கோயிலுக்குள் நுழையலாமா கூடாதா என்ற தகராறு. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வலியை வீட்டுக் கதையாகக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்களிடம் வாசலைப் பற்றிப் பேசுவது சுலபமாகத்தான் இருக்க வேண்டும்.

இன்றைய சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விடப்பட்ட இடத்தில் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு. 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரைப் பொதுச் சொத்துகளை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையே குற்றம் என்கிறது. பொது இடத்துக்குள் நுழைய விடாமல் தடுப்பதும் அதில் அடங்கும். அடிக்க வேண்டும், திட்ட வேண்டும் என்பதில்லை; தடுத்தாலே குற்றம். சாதியைப் பார்த்துச் சாவியை மறைத்து வைப்பவர் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

'கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும், இப்போதே கிளறாதீர்கள்' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகராட்சியும் இதைத்தான் சொன்னது. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் கலவரம் வரும், படிப்படியாகத் திறக்க அவகாசம் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டது. 1963 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவகாசம் தர மறுத்து, உடனே திறக்கச் சொன்னது. பிள்ளைப் பருவத்துக்கு அவகாசம் கிடையாது என்பதுதான் இதில் எளிய கணக்கு. பத்து வயதில் பூட்டிய திடலை இருபது வயதில் திறந்துவிட்டு என்ன பயன்?

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தலித் குடியிருப்புகளிலேயே வேலி கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் வலுவான நியாயம் இருக்கிறது. குடியிருப்பை ஒட்டிக் கிடக்கும் துண்டு நிலம்தான் அங்கே பிள்ளைகளுக்குத் திடல். அதில் ஊரின் குப்பை வந்து விழும். யாருடையதோ வைக்கோல் போர் வந்து உட்காரும். ஒரு நாள் டிராக்டர் நிற்கும், மறு வருடம் கொட்டகை நிற்கும், அதற்கடுத்த வருடம் பட்டா கேட்டு மனு போகும். இரவில் மது குடிக்க ஊரிலிருந்து வருபவர்களுக்கும் அந்த இடம்தான் தோதாகத் தெரிகிறது, கேட்டால் வம்பு. விடிந்ததும் வெறுங்காலோடு ஓடும் பிள்ளையின் காலில் பாட்டில் சில்லு. இந்த நிலையில் வேலி கேட்பது விலக்கி வைக்கும் ஆசை இல்லை. உள்ளதைக் காப்பாற்றும் முயற்சி. 'வேலி என்றாலே தீண்டாமை' என்று சென்னையிலிருந்து எழுதுபவர்கள் இந்தக் குடியிருப்புகளில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும்.

ஆனால் நிலத்தைக் காப்பது கம்பியைவிடக் காகிதம். அந்த இடம் கிராமக் கணக்கில் என்னவென்று இருக்கிறது? அ-பதிவேட்டில் களம் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, தரிசு என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். விளையாட்டுத் திடல் என்று எழுதியிருக்கிறதா? எழுதாத வரை நாளை அங்கே எந்தக் கட்டடத்தையும் கட்ட ஒரு கையெழுத்து போதும். அ-பதிவேட்டு விவரத்தை வருவாய்த் துறையின் இணையதளத்தில் புல எண் கொடுத்து யாரும் பார்க்கலாம். கல்லூரிக்குப் போகும் மாணவர்கள் கைப்பேசியில் பத்து நிமிடம் செலவழித்துத் தங்கள் தெருத் திடலின் புல எண்ணைக் கண்டுபிடித்தால், அது பெரிய ஊர்ப்பணி. பிறகு சர்வேயரை வரவழைத்து நான்கு மூலையிலும் கல் நடச் செய்ய வேண்டும். கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் இதைக் குறிப்பிடலாம். எல்லைக்கல் நட்ட திடலுக்கு வேலி அவசரமில்லை. எல்லைக்கல் இல்லாத திடலுக்கு வேலி போட்டால், ஆக்கிரமித்தது போக மிச்சமுள்ள இடத்துக்குத்தான் வேலி போட்டதாக ஆகும்.

திடலே எங்கே அமைகிறது என்பதிலும் ஒரு வேலி இருக்கிறது. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு நூலகமும் விளையாட்டுத் திடலும் வந்தன. ஊராட்சியை ஒரு அலகாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் எல்லாம் தாய்க் கிராமத்தில் போய் உட்காரும். 2011-இல் வந்த 'தாய்' திட்டம் குக்கிராமத்தை அலகாகக் கொண்டதற்கு இந்த ஏற்றத்தாழ்வு ஒரு காரணம். 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டது. மட்டை, பந்து, வலை எல்லாம் அதில் உண்டு. உங்கள் ஊராட்சிக்கு வந்த பெட்டி இப்போது எங்கே இருக்கிறது, கடைசியாக எந்தத் தெருப் பிள்ளைகள் அதைத் தொட்டார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். சாவி யாரிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டாம். 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் தொடங்கிய சமத்துவபுரத்தில் நூறு வீட்டுக்காரர்களும் ஒரே பொது இடங்களைப் புழங்கும்படிதான் அமைத்தார்கள். அந்த யோசனை சமத்துவபுரத்தின் எல்லையோடு நின்றுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம், பெண் பிள்ளைகள். வேலி போட்டால் பெண் பிள்ளைகள் தைரியமாக வருவார்கள் என்று சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் திடலுக்கு வராததற்குக் காரணம், திடலில் விளக்கு இல்லை, பக்கத்தில் கழிப்பறை இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. இருட்டில் நாலாபுறமும் அடைத்து ஒரே வழி வைத்த இடத்துக்கு எந்தத் தாயும் மகளை அனுப்ப மாட்டாள். வேலிக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் இரண்டு விளக்குக் கம்பம் நடலாம். கண்ணகி நகர் போன்ற குடியமர்வுப் பகுதியிலிருந்து ஒரு பெண் இந்திய இளையோர் கபடி அணி வரை போயிருக்கிறாள். நம் கரிசல் காட்டுப் பிள்ளைகளின் கால்களுக்கு அதைவிடக் குறைந்த பலமா?

பள்ளிக்கூடம் வேறு கணக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. பள்ளிக் கட்டடத்துக்குச் சுற்றுச்சுவரோ வேலியோ வேண்டும் என்றும் சொல்கிறது. அது நியாயம். ஆனால் ஊர்ப் பொதுத் திடலைப் பள்ளிச் சுவருக்குள் வளைத்துப் போட்டுவிட்டு, விடுமுறையில் பூட்டி வைப்பது அந்தச் சட்டம் சொன்னது இல்லை. பள்ளி விடுமுறையில்தான் பிள்ளைகளுக்குத் திடல் அதிகம் தேவை.

சரி, முடிவாகப் போட்டே ஆக வேண்டும் என்ற இடத்தில் எப்படிப் போடுவது? நம் கருத்து இது. முள்கம்பி வேண்டாம், ஓடுகிற பிள்ளைக்கு முள்கம்பி மாட்டைவிட ஆபத்து. உயிர்வேலி நல்லது. ஆனால் திருகுக்கள்ளி வைக்கக் கூடாது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சீமைக் கருவேலம் கூடவே கூடாது. அதை வெட்டிச் சலித்தவர்கள் நாம். நொச்சி வைக்கலாம், ஆடு கடிக்காது. கொடுக்காய்ப்புளி வைத்தால் பிள்ளைகளுக்குத் தின்னவும் கிடைக்கும், முள்ளும் இருக்கும், மாடு ஒதுங்கும். இடையிடையே வேம்பும் புங்கையும் நிழலுக்கு. உயரம், வெளியே நடப்பவர் உள்ளே நடப்பதைப் பார்க்கும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். வாசல் ஒன்று போதாது. ஊரை நோக்கி ஒன்று என்றால் தலித் குடியிருப்பை நோக்கி ஒன்று. இரண்டும் ஒரே அகலம். மாடு நுழையாமல் ஆள் மட்டும் வளைந்து போகும்படி கல் நட்டு வழி விடலாம். கோயில்களிலும் தோட்டங்களிலும் பார்த்ததுதான். அப்படி வைத்தால் கதவே தேவையில்லை, பூட்டும் சாவியும் தேவையில்லை. பலகையில் ஊராட்சியின் பெயர் இருக்கட்டும்; நன்கொடை கொடுத்தவரின் பெயரோ சங்கத்தின் பெயரோ சாதித் தலைவரின் படமோ வேண்டாம். கம்பம் நட்டுக் கொடி ஏற்றும் வேலையும் திடலுக்குள் வேண்டாம், நம் கொடியாக இருந்தாலும். தலித் குடியிருப்பின் பெயரையும் பலகையில் மரியாதையாக எழுத வேண்டும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரல் 29-இல் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்த பிறகும் பல பலகைகள் பழையபடியே நிற்கின்றன.

இந்த வட்டாரத்தில் திடல் என்பது பொழுதுபோக்குக்கான இடம் மட்டும் இல்லை. தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கியும் பட்டாசுக்குக் குழாய் உருட்டியும் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் மாலைப் பொழுது போனது. 1991 ஜூலையில் மீனம்பட்டி விபத்தில் இறந்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. பிள்ளைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 1992-இல்தான். வேலைத்தளத்திலிருந்து மீட்டெடுத்த மாலைப் பொழுது அது. அதைத் தலித் பிள்ளைக்கு ஒரு பூட்டைக் காட்டிப் பறிக்கக் கூடாது.

யார் தீர்மானிப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அலுவலர் மேசையில் முடிவாகும் வேலி, கேட்டவர் குரலைத்தான் கேட்கும். ஆகவே கிராம சபையில் வைத்துப் பேசுவதை விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடுகிறது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் கூட்டம் செல்லும். அந்த 100 பேரும் நடைமுறையில் ஒரே தெருவிலிருந்து வந்தும் நிரம்பிவிடலாம். ஆலை விடுமுறை நாளாகப் பார்த்து தலித் குடியிருப்புப் பெண்கள் கூட்டமாகப் போய் உட்கார வேண்டும். வேலியைப் பற்றிய தீர்மானம் என்றால், திடலின் புல எண், வரைபடம், வாசல் வைக்கும் இரண்டு இடம், பூட்டுக் கிடையாது என்ற வரி ஆகிய நான்கும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தராவிட்டால், திங்கள்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. மனுவோடு திடலின் படத்தையும் இணைத்து, வாசல் வேண்டிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.